ஐந்தாம் வகுப்பின் சராசரி

"ஒரே வருஷத்துல இருபத்து மூணு மார்க் சறுக்கல்! பாடம் நடத்துனீங்களா, இல்ல வகுப்புல தூங்குனீங்களா?"

கல்வி அதிகாரி ராஜாமணி மேஜையைத் தட்டினார். எதிரே காந்திமதி டீச்சர் நின்றிருந்தாள்.

வல்லக்கோட்டைக்குப் போகிற பாதையில் இருந்தது அந்தத் தொடக்கப்பள்ளி. ஒன்றியம் முழுக்க ஐந்தாம் வகுப்புக்கு ஒரே கேள்வித்தாள். போன வருஷம், அதாவது 1990-இல், காந்திமதி வகுப்பின் சராசரி எழுபத்தெட்டு. ஒன்றியத்திலேயே முதலிடம். மேடையில் ராஜாமணிதான் கேடயம் கொடுத்தார், நாலு வார்த்தை புகழ்ந்தும் பேசினார். இந்த வருஷம் ஐம்பத்தைந்து. மனுஷருக்கு மானமே போன மாதிரி இருந்தது. மெமோவோடு வந்துவிட்டார். அதில் கையெழுத்து விழுந்தால் டீச்சருக்கு வேறு ஊருக்கு மாற்றல் நிச்சயம்.

விடைத்தாள்களைப் புரட்டியவர் ஒன்றை உருவினார்.

"யாரு இந்த ஜெர்சி? மூணு மார்க்!"

கடைசி வரிசையில் ஒரு சிறுமி எழுந்து நின்றாள்.

"ஏம்மா, ஏன் ஒண்ணுமே எழுதல?"

"பேரு எழுதிக்கீறேன் சார்."

வகுப்பு சிரித்தது. ராஜாமணி சிரிக்கவில்லை.

"செங்கல் சூளையில வேலை செய்யறவங்க பொண்ணு சார்" என்றாள் காந்திமதி. "இவளை மாதிரி ஏழு பேரு. அப்பா அம்மாகிட்ட கெஞ்சிக் கூத்தாடி கூட்டிக்கினு வந்தேன். தை மாசம் வந்தப்ப இவளுக்கு 'அ' தெரியாது. இப்ப பஸ் போர்டு படிக்கிறா."

"பஸ் போர்டுக்கு யாரு மார்க் போடுவாங்க?"

"யாரும் போட மாட்டாங்க சார்."

அந்தப் பதிலில் அவருக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"விவரம் தெரியாதவங்களா இருக்கீங்களே டீச்சர்! பரீட்சைக்கு வராதவங்களை சராசரியில சேர்க்கறதில்ல. அந்த ஏழு பேருக்கும் ஆப்சென்ட் போட்டுடுங்க. பழையபடி எழுபத்தெட்டு வந்துடும். மெமோவைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

காந்திமதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"விவரம் தெரியும் சார். போன வருஷம் அதே மாதிரிதான் செஞ்சேன். எட்டுப் பசங்க சூளையில இருந்தாங்க. வந்தா சராசரி குறையுமேன்னு நான் கூப்பிடவே போகல. கேடயம் கிடைச்சுது. அந்த எட்டு பேரும் இன்னைக்கு வரைக்கும் செங்கல்தான் அறுக்கறாங்க."

ராஜாமணி மெமோவைக் கையில் எடுத்தார்.

"மெமோவைக் கிழிக்காதீங்க, எனக்கு அது வேணும்" என்று அவளே கை நீட்டினாள். "தேதியை மட்டும் அடிச்சுட்டு, போன வருஷம்னு போட்டுக் குடுங்க சார்."