ஊதாப் பட்டை

மறைந்த தலைவர் இன்னாசிமுத்துவைப் பற்றிப் பேச கோயில் பங்குச் சாமியார் கஸ்பாருக்கு அலுப்பே கிடையாது. வாழ்க்கை வரலாறு எழுத வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். தலைவருக்குக் கருப்பட்டிக் காப்பிதான் பிடிக்கும். தேர்தலில் தோற்ற மறுநாள் இதே நாற்காலியில் குறட்டை விட்டுத் தூங்கினார். வந்தவர் எதையும் குறித்துக்கொள்ளாததுதான் சாமியாரை உறுத்தியது.

“உப்பளச் சங்கத்து மரியசூசை காணாமப் போன மறுநாளும் தலைவர் இங்க வந்தாரா, சாமி?”

“வந்தாரு. காப்பி குடிச்சோம், மழையப் பத்திப் பேசினோம். அவ்வளவுதான்.”

வந்தவர் முதல்முறையாகப் பேனாவைத் திறந்து அதை எழுதிக்கொண்டார். பிறகு அதே நாளில் எடுத்த வண்ணப் புகைப்படம் ஒன்றை மேசைமேல் வைத்தார். தலைவர் காரில் ஏறுகிறார். வழியனுப்ப வந்த சாமியாரின் கழுத்தில், பாவத்தை அறிக்கையிட வருபவரிடம் பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது மட்டும் போடுகிற ஊதாப் பட்டை கழற்ற மறந்து தொங்குகிறது.

“காப்பி குடிக்கையிலயும் இதப் போட்டுக்கிடுவீங்களோ?”

“உங்கள யாரு அனுப்புனா?”

“பாவசங்கீர்த்தனத்துல அவரு சொன்னத நான் கேக்க மாட்டேன் சாமி. நீங்க சொல்லவும் கூடாது, தெரியும். மரியசூசை சம்சாரம் பதினாலு வருசமா ஒரு எலும்பாவது கிடைக்குமான்னு தேடுறாங்க. நீங்க சும்மா இருங்க, போதும்.”

சாமியாரின் முகத்தையே பார்த்தபடி, நிதானமாக இடங்களைச் சொல்லத் தொடங்கினார்.

“பழைய ஐஸ் பாக்டரி. பத்தாம் நம்பர் உப்பளம். கல்லறைத் தோட்டம். லைட்ஹவுஸ் கிணறு.”

சாமியார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எந்தப் பெயரைக் கேட்டதும் திரும்பினோம் என்று அவருக்கே தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் பேனா எழுதும் சத்தம் கேட்டது.