ஆதாமுக்கு என்ன வயது?

“அந்தப் பக்கத்தைக் கரையான் தின்னுட்டதுன்னு எழுதிக் கொடுத்துடுங்க, வில்லியம்.”

கோயில் ஆபீஸ் கிளார்க் வில்லியம் தன் காதையே நம்பவில்லை. கேட்டவர் யார்? சயன்ஸ் வாத்தியார் ஞானதாஸ். யாருக்காவது அரை மார்க் கூடப் போட்டுவிட்டால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய ஓடுகிற ஆள்.

மே மாதம் ஞானதாஸ் ரிட்டயர் ஆகிறார். அவருடைய பிறந்த தேதியை ஞானஸ்நானப் பதிவேட்டில் பார்த்து எழுதி அனுப்பும்படி, பள்ளிக்கூடத்து மானேஜர் சாமியாரின் கடிதம் அன்று காலைதான் வந்திருந்தது.

வில்லியத்துக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் இரண்டு பேருக்கும் ஒரே சண்டை.

“ஆதாமைப் படைச்ச அன்னைக்கே ஒரு டாக்டர் பார்த்திருந்தா, முப்பது வயசுன்னு சொல்லியிருப்பார். நிஜத்துல ஒரு நாள்தானே வயசு? பூமியும் அப்படித்தான். பார்க்கத்தான் கிழம்” என்பார் வில்லியம்.

“பல்லாவரத்துக் கல்லுல கோடிக்கணக்கான வருஷம் எழுதியிருக்கு. நேத்துப் படைச்ச கல்லுல அப்படி எழுதினா அதுக்குப் பேர் கள்ளச் சர்டிபிகேட். கடவுள் கள்ளச் சர்டிபிகேட் கொடுக்க மாட்டார்!” என்பார் ஞானதாஸ்.

ஜெயிப்பது எப்போதும் ஞானதாஸ்தான். அவருக்குக் குரல் பெரிது.

“இன்னா வாத்தியாரே, கடவுள் கொடுக்க மாட்டார், கிளார்க் மட்டும் கொடுக்கலாமா?”

“கேலி அப்புறம். எழுதுங்க.”

“எத்தனை வயசை மறைச்சீங்க? ரெண்டா, மூணா? நாற்காலியை விட மனசில்லாம உட்கார்ந்திருந்தது வெளியில தெரிஞ்சிடும்னு பயமா?”

ஞானதாஸ் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பொய் எழுதி இந்தக் கைக்குப் பழக்கமில்ல. மன்னிக்கணும்.” வில்லியம் பீரோவைத் திறந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதிவேட்டை விரித்தார். விரல் வைத்துத் தேடினார். நின்றார். மறுபடியும் படித்தார்.

“ஸ்கூல்ல உங்க பிறந்த வருஷம் என்ன போட்டிருக்கு?”

“தொள்ளாயிரத்துப் பதினேழு.”

“இதுல பத்தொன்பதுன்னு இருக்கே! வாத்தியாரே, உங்களுக்கு ரெண்டு வயசு கம்மி! இன்னும் ரெண்டு வருஷம் வேலை பார்க்கலாம்!”

“அதனாலதான் வேண்டாங்கறேன்.”

“புரியல.”

“அப்பா போனதும் அம்மா லஸ்ல ஒரு வீட்டுக்கு ஆயா வேலைக்குப் போனாங்க. மூணு வயசுப் பிள்ளையை எங்கே விடறது? ஸ்கூல்ல கொண்டுபோய் நிறுத்தினாங்க. கையைத் தலைக்கு மேல போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொட்டாத்தானே அஞ்சு வயசு? என் கை எட்டல. வாத்தியார் என் காதை மேலே இழுத்து விரல்ல ஒட்டவெச்சு, ‘தொட்டுட்டான்’னு பேரை எழுதிக்கிட்டார்.”

வில்லியம் சிரித்துவிட்டார். “சரி, இப்ப நிஜத்தைச் சொன்னா உங்களுக்குத்தானே லாபம்?”

“மானேஜர் சாமியாரும் அதைத்தான் தேடறார். என்னை அனுப்ப அவருக்கு மனசில்ல.” ஞானதாஸ் குரலைத் தாழ்த்தினார். அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பதே வில்லியத்துக்கு அன்றுதான் தெரியும். “மந்தைவெளி ஜோன் டீச்சர் ஏழு வருஷமா டெம்பரரி. நான் எழுந்தாத்தான் அந்தப் பொண்ணுக்கு நிரந்தர இடம். இந்த ஜூனை விட்டா அதுக்கு வேலையில சேர்ற வயசு வரம்பு தாண்டிடும். புருஷன் இல்ல. ரெண்டு பிள்ளைங்க.”

“ரெண்டு வருஷச் சம்பளம் வாத்தியாரே. யோசிச்சீங்களா?”

“யோசிச்சுக்கிட்டேதான் நடந்து வந்தேன்.”

வில்லியம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜை டிராயருக்குள் வைத்து மூடினார். பதிவேட்டைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். கிட்டே கொண்டுவந்து பார்த்தார், தள்ளிப் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

“‘பழைய பதிவேட்டைப் பார்வையிட்டேன். என் கண்ணுக்கு ஓர் எழுத்தும் தெரியவில்லை’” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, கோணல் மாணலாக எழுதி முடித்தார்.

“கையெழுத்து எங்கே போடணும்? கொஞ்சம் விரல் வெச்சுக் காட்டுங்க, வாத்தியாரே.”