தரணியின் இடம்

"மயிலாக்கா, அது தரணியோட எடம். எந்திரிங்க."

"முடியாதுங்க."

சூப்பர்வைசர் சித்ராதேவி திகைத்துப் போனாள். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருக்கும் அந்த பனியன் கம்பெனியில், தைத்த பீஸ்களைச் சரிபார்க்கும் செக்கிங் வேலையை மயிலாள் பல வருடங்களாகப் பார்க்கிறாள். யாருடனும் ஒட்டமாட்டாள். சிடுமூஞ்சி என்று பெயர். ஆனால் சொன்ன வேலையைத் தட்டியதில்லை. இன்று என்னவோ எல்லோரும் வருவதற்கு முன்பே வந்து, ஜன்னலோர மூலை மேஜையில் உட்கார்ந்துகொண்டாள்.

அது போன மாதம் வேலைக்குச் சேர்ந்த தரணிக்கென்று ஒதுக்கிய மேஜை. தையல் மெஷின்களின் இரைச்சலும் ஸ்பீக்கர் பாட்டும் அங்கே கொஞ்சம் குறைவு.

சேர்ந்த அன்று தரணியின் அம்மா மருதம்மாள் கூடவே வந்து, ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டுப் போனாள். "எம்புள்ளைக்கு ஆட்டிசமுங்க. மொகத்தப் பாத்துப் பேசமாட்டா. சத்தம் தாங்கமாட்டா. யாரு தொட்டாலும் ஆகாது. திமிருன்னு நெனச்சுக்காதீங்க சாமி."

அன்றிலிருந்து மயிலாளுக்கு வயிறு எரிந்தது. தரணி ஹெட்போன் மாட்டிக்கொண்டால் யாரும் ஏனென்று கேட்கவில்லை. டீ நேரத்தில் தனியாக நின்றால் யாரும் கேலி செய்யவில்லை. வணக்கம் சொல்லாமல் தாண்டிப் போனால் மேனேஜரே சிரித்தபடி வழிவிட்டார். ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துப் புழுங்கினாள் மயிலாள்.

இப்போது தரணி வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். "எம்பட எடம்... எம்பட எடம்..." என்று தன் மேஜையையே பார்த்து முனகினாள். அவளைக் கொண்டுவந்து விட வந்த மருதம்மாள் பக்கத்தில் பதறிக்கொண்டிருந்தாள்.

"பாவம்க்கா அந்தப் புள்ள. சத்தம் கேட்டா காதுக்குள்ள ஊசி குத்துற மாதிரி இருக்குமாமா" என்றாள் சித்ராதேவி.

"சத்தம் அவளுக்கு மட்டுந்தான் கேக்குதுங்களா?"

"மேனேஜர் வந்தா உங்கள வேலைய விட்டே நிறுத்திருவாரு."

"நிறுத்தட்டுங்க."

சித்ராதேவிக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு சின்னப் புள்ள மேல உங்களுக்கு என்னக்கா இவ்வளவு பொறாமை?"

"ஆமாங்க. பொறாமதான்."

செக்கிங் பகுதி மொத்தமும் பீஸ்களைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

மகளை வாசலில் நிறுத்திவிட்டு மருதம்மாள் உள்ளே வந்தாள். மெல்ல மயிலாளின் தோளில் கை வைத்தாள். மயிலாள் வெடுக்கென்று உதறினாள்.

"எத்தன திமிரு பாரு!" பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

மருதம்மாளுக்குக் கோபம் வரவில்லை. கையை இழுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எம்புள்ள மேல உனக்கு அப்படியென்ன பொறாமை, கண்ணு?"

மயிலாள் குனிந்த தலை நிமிராமல், மேஜையிடமே சொல்வது போலச் சொன்னாள்.

"அவளுக்கு நீங்க அம்மாவா வாய்ச்சீங்க. அவ மாதிரியேதானுங்க நானும் பொறந்தேன்... காதப் பொத்துனதுக்கும், மொகத்தப் பாத்துப் பேசாததுக்கும் எங்கம்மா எனக்குச் சூடு வெச்சாங்க."