வடிவாய்க்காலின் நாக்கு

அரசாங்கமும் குளிர்பானக் கம்பெனியும் பாதிப்பாதி செலவு போட்டு வடிவாய்க்கால் ஓரம் நட்டு வைத்த கம்பத்துக்கு நாக்கு ரொம்ப நீளம். வயல்களிலிருந்து வடியும் தண்ணீரை ருசி பார்த்துவிட்டு, விடிந்ததும் ஊருக்கே கேட்கும்படி ஒலிபெருக்கியில் சொல்லிவிடும்.

"கலியமூர்த்தி அவர்களே, இன்றும் உங்கள் தண்ணீரில் யூரியா. வைரக்கண்ணு அவர்களே, உங்கள் தண்ணீர் சுத்தம். நன்றி."

கலியமூர்த்தியால் டீக்கடையில் தலைகாட்ட முடியவில்லை. அடுத்த வயல்காரர் வைரக்கண்ணு டீ வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொன்னதைத்தான் அவரால் செரிக்கவே முடியவில்லை. அன்றிலிருந்து, தன் வயலுக்கு வாங்கிய யூரியாவையெல்லாம் ஆள் இல்லாத நேரம் பார்த்து வரப்பு தாண்டி வைரக்கண்ணு வயலில் வீசினார்.

கம்பம் உடனே கட்சி மாறியது. தினமும் திட்டு வைரக்கண்ணுவுக்கு.

"இந்த வருசம் நான் உரமே வாங்கலியே" என்று அவர் தலையைச் சொறிந்தார். இந்தத் தடவை டீ, கலியமூர்த்தி கணக்கு.

பயிர் கதிர் வாங்கும் சமயம் கலெக்டரும் கம்பெனி மேனேஜரும் வயலுக்கே வந்து, ஆளுக்கொரு முனை பிடித்துக் கலியமூர்த்திக்குச் சால்வை போர்த்தினார்கள். வடிநீர் சுத்தத்தில் மாவட்டத்திலேயே அவர்தான் முதலாம். பின்னால் அவர் பயிர் சோகை பிடித்து வெளிறி நின்றது. வைரக்கண்ணு பயிர் கருகருவென்று இடுப்புயரம் ஆடியது.

கலியமூர்த்தியின் மனைவி அஞ்சம்மாள் அவர் காதோரம் கேட்டாள்: "அப்ப நாம வாங்குன மூட்டையெல்லாம் எங்கங்க போச்சு?"

அதற்குள் கலெக்டர் மைக்கை நீட்டினார். "இதை எப்படிச் சாதிச்சீங்க?"

கலியமூர்த்தி மைக்கை வாங்கினார். "பக்கத்து வயல்காரர் ஒத்துழைப்பு இல்லாம நடந்திருக்காதுங்க."

முன்வரிசையில் வைரக்கண்ணு கண்கலங்கிக் கைதட்டினார்.