பலகைச் சுவரில் ஒரு கிறிஸ்துமஸ் மரம்

மரம் மறுபடியும் சுவரைவிட்டுச் சரிந்து, கீழே உட்கார்ந்திருந்த வாண்டுவின் தலையில் விழுந்தது.

வலிக்கவில்லை. பழைய பேப்பரைக் குழல் குழலாகச் சுருட்டிப் பச்சை பெயிண்ட் அடித்து, உச்சியில் குட்டை, அடியில் நீளம் என்று வரிசை கட்டிய மரம். அந்த ஒற்றை அறையில் நிஜ மரம் வைத்தால் வீட்டு ஆளில் ஒருத்தர் வெளியே போய் நிற்க வேண்டும். அதனால்தான் சுவரோடு சுவராக ஒரு மரம்.

சுவர்தான் ஒத்துழைக்கவில்லை. அது பக்கத்து அறைக்கும் இதற்கும் நடுவில் நிற்கும் பலகைத் தடுப்பு. மேலே பூசியிருந்த சுண்ணாம்பு, டேப்போடு சேர்ந்து மாவு மாதிரி உதிர்ந்து வந்தது.

“அக்கா, சாயந்திரம் என் கிளாஸ் பிள்ளைங்க வந்துடுவாங்க!” வாண்டுவின் உதடு பிதுங்கியது.

“எங்க வீட்டு மரம் கூரையைத் தொடும்னு யாருடி உன்னை அளக்கச் சொன்னது?”

“தொடுமேக்கா! நம்ம கூரைதான் கீழயே இருக்கே!”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குத் தெருவில் பெயர் ரேடியோ. எந்தக் குரலைக் கேட்டாலும் அடுத்த நிமிஷம் அது அவள் தொண்டையிலிருந்து வரும்.

“ரெண்டு ஆணி அடிச்சா போதும்மா,” என்றாள் ரேடியோ.

அம்மா தையல் மெஷினை நிறுத்தினாள். “அடி. மாடிக்காரர் நம்மளைத் தூக்கித் தெருவுல வைப்பார்.”

உடனே ரேடியோ வயிற்றை முன்னால் தள்ளி, மூக்கால் பேசும் வீட்டுச் சொந்தக்காரராக மாறினாள். “‘ம்ம்ம்... பாரும்மா! என் சுவத்துல ஒரு ஆணித் தலை தெரிஞ்சுது, அன்னிக்கே சட்டி பானையைக் கட்டிக்க!’”

“மெதுவாடி! காதுல விழப்போகுது,” என்று அதட்டிய அம்மாவுக்கே சிரிப்பு முட்டியது.

ரேடியோ மறுபடி ஒவ்வொரு குழலாக எடுத்து, ரெண்டு முனையிலும் டேப் ஒட்டி, முஷ்டியால் ‘டொக், டொக்’ என்று குத்தி இறுக்கினாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் உறுமல். “யாரது? ராத்திரி பூரா முழிச்சுட்டு வந்தவன் தூங்க வேணாமா?”

ராத்திரி டியூட்டி வாட்ச்மேன். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

ரேடியோ சும்மா இருப்பாளா? அதே உறுமலில், “‘தூங்க வேணாமா... தூங்க வேணாமா...’” என்று திருப்பி விட்டாள். வாண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டாள்.

அதற்குள் மரம் திரும்பவும் பொத்தென்று விழுந்தது. இந்தத் தடவை வாண்டு சிரிக்கவில்லை. “எல்லாரும் என்னைப் பொய்க்காரின்னு சொல்லப் போறாங்க!” என்று தெருவே கேட்கும்படி ஓலமிட்டாள்.

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.

பிறகு, டம்! டம்! டம்!

பலகை அதிர்ந்தது. சுண்ணாம்பு கொட்டியது. ஓர் ஆணி நுனி இந்தப் பக்கம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்து இன்னொன்று. இன்னொன்று.

“பாத்தியா, உன் வாயால வந்த வினை!” அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “பண்டிகையும் அதுவுமா இப்படியா பழி தீர்ப்பார் ஒரு மனுஷன்? நெஞ்சா அது, கல்லா?”

சத்தம் ஓய்ந்ததும் ரேடியோ சுவரைப் பார்த்தாள். கண்ணில் குறும்பு மின்னியது.

“கோபத்துல அடிச்சாலும் ஆணி ஆணிதானேம்மா?”

குழல்களை ஒவ்வொன்றாக ஆணி நுனியில் குத்தினாள். அளவெடுத்தது போல உட்கார்ந்தன. “கோபத்துலகூட வரிசையா அடிக்கிறார் பாரு!” நீட்டிக்கொண்டிருந்த நுனியிலெல்லாம் மிட்டாய்த் தாளை உருட்டிச் செருகினாள். சிவப்பு, ஊதா, தங்கம். அறையே பளபளத்தது. கையில் மிச்சம் இருந்தது ஒரு அட்டை நட்சத்திரம்தான். “உச்சியில நட்சத்திரத்துக்கு ஆணியே இல்லியேக்கா!” என்று வாண்டு கத்தினாள்.

வாசலில் செருப்புச் சத்தம். மாடிக்காரர்.

“ம்ம்ம்... யாரும்மா அடிச்சது?”

வாண்டு சட்டென்று அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். நிஜக் குரல்தான்!

“நாங்க இல்ல சார்,” அம்மா விறைப்பாகச் சுவரைக் காட்டினாள். “நீங்களே பாருங்க, இந்தப் பக்கம் ஒரு ஆணித் தலைகூட இல்ல. எல்லாம் அந்த மகராசன் வேலை.”

அவர் உற்றுப் பார்த்தார். வெறும் நுனிகள். விறுவிறுவென்று பக்கத்து அறைக்குப் போனார். இங்கே மூன்று காதுகள் பலகையில் ஒட்டிக்கொண்டன.

“எதுக்குய்யா இத்தனை ஆணி?”

“சட்டை மாட்ட.”

“உன்கிட்ட இருக்கறதே ரெண்டு சட்டை!”

“மூணாவது வாங்கலாம்னு இருக்கேன்.”

“நக்கலா? காலி பண்றப்ப இந்தப் பலகையைப் புதுசா மாத்திக் குடுத்துட்டுத்தான் நீ வெளிய போகணும்.”

“சரிங்க.”

“நல்லா வேணும்,” என்று அம்மா கிசுகிசுத்தாள்.

செருப்புச் சத்தம் மாடியேறி மறைந்தது. சற்று நேரம் கழித்துச் சுவரில் மெல்ல ‘டொக்’ என்று ஒரு தட்டு. அந்த உறுமல், முடிந்தவரை தணிந்த குரலில் கேட்டது:

“பாப்பா... உச்சியில நட்சத்திரத்துக்கு மட்டும் நீங்க தட்டவே இல்லையே? எந்த இடம்னு ஒரு தட்டு தட்டு, அதையும் அடிச்சுடறேன்.”