மேடைக்குக் கீழே ஒரு நத்தை

குளத்தின் வடகரையும் தென்கரையும் பேசிக்கொள்வதை நிறுத்தி வெகுகாலம் ஆயிற்று. ஒரு கலைவிழா நடத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கழுதை நம்பியது. மயிலைக் கெஞ்சி ஆடச் சம்மதிக்க வைத்தது, மேடை போட்டது, ஒரு கட்டுப் பொன்னாடையும் வாங்கி வைத்தது.

வடகரைக் கொக்கைத் தலைமை தாங்க அழைத்ததும் வினை ஆரம்பித்தது.

"அவர் மேலே, எங்க தவளை கீழேயா?" என்றது தென்கரை. தவளையும் ஏறியது.

"அப்போ எங்க எருமை?" என்றது வடகரை.

இப்படியே ஒவ்வொருவராக ஏறிப் பொன்னாடை போர்த்திக்கொண்டதில், இரண்டு கரையும் முழுசாக மேடைக்குப் போய்விட்டன. கீழே உட்கார்ந்து பார்க்க மிஞ்சியது ஒரு நத்தைதான்.

மேடையில் மயிலுக்குக் கால் வைக்கக்கூட இடமில்லை. "நான் எங்கேய்யா ஆடுறது?" என்று கழுதையைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நத்தைக்கு முன்னால் போய்த் தோகையை விரித்தது. மேடையிலிருந்தவர்களுக்குத் தோகையின் பின்பக்கம்தான் தெரிந்தது.

"நத்தைக்கு மட்டும் என்ன தனி மரியாதை?" என்றது கொக்கு.

"அதைத்தான் நானும் கேட்கிறேன்," என்றது தவளை.

"அது எங்க கரை இல்லை."

"எங்க கரையும் இல்லை."

இரண்டு கரையும் தோளோடு தோள் உரச எழுந்து நின்று, நத்தையைக் கண்டித்து ஒரே குரலில் கோஷம் போட்டன. கழுதைக்குக் கண் கலங்கிவிட்டது.

மீதமிருந்த கடைசிப் பொன்னாடையைக் காலடியில் மறைத்துக்கொண்டு, நத்தையிடம் குனிந்தது.

"அடுத்த வருஷமும் நீங்க அவசியம் வரணும். மேடையில மட்டும் ஏறிடாதீங்க."