நாலாவது பெயர்

பகல் வள்ளத்தை விட்டுவிட்டு வசீகரன் சேர் தங்கள் முற்றத்தில் வந்து நிற்பதைக் கண்டதும் கிறேசம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நெடுந்தீவில், யாழ்ப்பாணக் கரையிலிருந்து வந்துபோகும் வாத்திமாரை அவர்கள் திரும்பும் வள்ளத்தை வைத்துத்தான் அளப்பார்கள். மணி அடித்ததும் துறைக்கு ஓடினால் அவர் ஒரு ரகம். பிள்ளைகளுக்காகப் பகல் வள்ளத்தை விட்டு, கடைசியாகப் போகும் பின்னேர வள்ளத்தில் ஏறினால் அவர் தங்கம். இரசாயனம் படிப்பிக்கும் இந்த மனிதர் ஐந்து வருசத்தில் ஒருநாளும் விட்டவரில்லை. இன்றைக்கு விட்டிருக்கிறார். அதுவும் கிறேசம்மாவின் மகள் நிலுஜாவுக்காக.

கதிரை கொண்டுவந்து போட்டாள். அவர் அதில் இருக்கவில்லை. மாட்டுப் பட்டியில் சரிந்த கல்மதிலை அடுக்கிக்கொண்டிருந்த அவள் புருசன் பத்திநாதரிடம் நேரே போனார்.

ஓ.எல் சோதனையில் எட்டு ஏ எடுத்த பிள்ளை, டொக்டராக வரவேணும் என்று நிற்கிறாள், அதற்கு அடுத்த ஏ.எல் வகுப்பில் உயிரியலும் இரசாயனமும் பௌதிகமும் படிக்கவேணும் என்றார். இங்கே லாப் என்று இருப்பது பூட்டுப் போட்ட ஓர் அலுமாரி. யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடமொன்றில் இடமும் விடுதியும் தானே கதைத்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

பத்திநாதர் கையிலிருந்த கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவள் இஞ்சயே படிக்கட்டும் சேர்."

"ஏன் அண்ணை, மாடு மேய்க்க ஆள் காணாதோ?"

"ஓம். அப்பிடியே வைச்சுக்கொள்ளுங்கோ."

கிறேசம்மாவுக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்காதோ என்றிருந்தது. குசினி வாசலில் நின்ற நிலுஜா தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளை அழுகிறாள் என்று தாய் நினைத்தாள்.

சேர் போனபிறகு வாயில் வந்ததெல்லாம் சொல்லிப் புருசனை ஏசினாள். மனிதர் புட்டைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரியும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மகள் டொக்டரானால் முதல் ஊசி தனக்குத்தான் எண்டு உன்ரை மனிசனுக்குப் பயமாக்கும்" என்றாள்.

கிறேசம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தலைகீழாக நின்றாவது மகளை டொக்டராக்குவது என்று அன்றைக்கே முடிவுகட்டினாள்.

விடிந்ததும் பூசைக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, புருசனுக்குச் சொல்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்கவென்று அதிபர் ரீச்சரிடம் மகளின் விடுகைப் பத்திரத்தைக் கேட்டாள்.

ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏன், நிலுஜா மனம் மாறிட்டாளோ?"

"அவள் எங்க மாறுறது? தகப்பன்தான் விடமாட்டன் எண்டு நிக்கிறார்."

ரீச்சர் ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். உயிரியல் பிரிவு, இந்தப் பள்ளிக்கூடம் என்று எழுதியிருந்தது. எழுத்து நிலுஜாவின் எழுத்து. கீழே இருந்த திகதிப்படி, எழுதி இரண்டு வாரமாகிறது.

"நாலு பேர் சேர்ந்தால்தான் இந்த வகுப்புக்கு அனுமதி. சுபேசன், ஜெனோசன், துஷாந்தி மூண்டு பேருக்கும் வெளியில போய்ப் படிக்க வழியில்லை. நாலாவது பெயர் உங்கட மகள்."

கிறேசம்மா அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் அவளைப் போகச் சொன்னனான். மூண்டு பேரின்ரை வழியை அடைச்சுப்போட்டு டொக்டராகி என்ன செய்யிறது எண்டு கேட்டவள். பிறகு தகப்பன் வந்தவர். தாய் வந்து கேட்டால் தகப்பன்தான் மறிச்சவர் எண்டு சொல்லுங்கோ, பிள்ளை ஏச்சு வாங்கக்கூடாது எண்டவர்."

நேற்று ஏசிய ஏச்செல்லாம் கிறேசம்மாவுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"இஞ்ச படிச்சால் அவள் டொக்டரா வருவாளோ ரீச்சர்?"

"பாடத்துக்கு ஒராளா மூண்டு வாத்திமார் இருக்கினம். நேரம் பாராமல் படிப்பிச்சால் வருவாள். எனக்கு வசீகரன் சேரை நினைச்சுத்தான் யோசனை. கரைக்கு மாற்றம் கேட்டு அஞ்சு வருசமா எழுதுறார். இந்த வகுப்புத் துவங்காட்டி அவருக்கு இஞ்ச வேலை இல்லை, உடன விட்டிடுவினம். துவங்கினால் ரெண்டு வருசத்துக்கு அசைய ஏலாது."

கிறேசம்மாவுக்கு இப்போதுதான் விளங்கியது. ஒரு வள்ளத்தை விட்டால் இனி எந்த வள்ளமும் ஏறத் தேவையில்லை என்றுதான் அந்த மனிதர் நேற்றுத் தன் முற்றம் வரைக்கும் நடந்திருக்கிறார்.

படிவத்தில் தகப்பனின் கையெழுத்து இருந்தது. தாயின் இடம் வெறுமையாகக் கிடந்தது. பேனையை வாங்கி, எழுத்துக்கூட்டி, அழுத்தமாகக் கையெழுத்து வைத்தாள்.

வாசலில், காலை வள்ளத்தால் இறங்கித் தோளில் பையோடு வசீகரன் சேர் வந்துகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"விடுகைப் பத்திரம் எடுத்தாச்சோ அக்கா?"

"இல்லை சேர். நாலு பிள்ளையளோட வகுப்புத் துவங்குது. நாளையில இருந்து உங்களுக்கு மத்தியானச் சோறு எங்கட வீட்டில. பகல் வள்ளம் இனிச் சரிவராது."